கடைசியாக எழுதிய நேரம்

பாலத்தடிச் செக்பொயின்ற்றில் நின்ற சிப்பாய் றொவீனாவின் சைக்கிள் கூடையில் இருந்த பதினொரு தாள்களையும் உருவி எடுத்து, முதல் தாளின் தலைப்பை உதடு அசைய எழுத்துக்கூட்டி வாசித்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, மே மாதம் பதினாறாம் திகதி, சனிக்கிழமை காலை பத்து மணி. கல்லடிப் பாலத்தின் நகரப் பக்கத்து முனையில் ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒரு மீன் லொறியும் எதிர்ப்பக்க வாகனங்கள் வந்து முடியட்டும் என்று காத்துக் கிடந்தன. தாளில் தடித்த ஆங்கில எழுத்தில் இருந்தவற்றை அந்த நேரத்தில்தான், அந்தச் சிப்பாயின் கண்ணால், அவள் முதல் தடவையாக வாசித்தாள். செக்பொயின்ற் ஒன்று. செக்பொயின்ற் இரண்டு. ஒன்று விழுந்தால் எல்லோரும் உடனே இரண்டுக்கு மாறவேண்டும். ஞாயிறு காலை 8.30. நான்கும் நின்றபிறகு பழையதை அழிக்கவும்.

பன்னிரண்டு வருடமாக அவள் வாயில் புழங்கிய சொல் அது. தெருவுக்குத் தெரு மண்மூட்டை அடுக்கி, துவக்குப் பிடித்து நிற்கிற இடத்துக்கும் அதுதான் பெயர் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. தெரியும். தினமும் இரண்டு தடவை சைக்கிளை விட்டிறங்கி அடையாள அட்டையை நீட்டுகிறவள்தானே. ஆனால் இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் அவள் தலைக்குள் வேறு வேறு அறைகளில் குடியிருந்தன. இன்றைக்குத்தான் இரண்டும் ஒரே வாசலில் வந்து முட்டிக்கொண்டன. "உள்ளே வாங்க" என்று சிப்பாய் சிங்களத்தில் சொன்னபோது குரல் தணிந்துதான் இருந்தது. அந்தத் தணிவுதான் பயமாக இருந்தது.

மண்மூட்டைகளுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கொட்டில். ஒரு வாங்கு. அதில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெளிறிப்போன நீலச் சேலை. மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மடித்த கடிதம் ஒன்றும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் படமும் வெளியே தெரிந்தன. கொக்கட்டிச்சோலையில் இருந்து விடியவே வெளிக்கிட்டு வந்தவள் என்றும், பெயர் ஆச்சிப்பிள்ளை என்றும், வவுனியா போவதற்கான கடிதத்தில் அதிகாரியின் ஒப்பம் வேண்டி மூன்றாவது நாளாக வருகிறாள் என்றும் றொவீனா கேட்காமலே அவளே சொன்னாள்.

"உன்னயும் புடிச்சிட்டானுகளா புள்ள?"

"என்ட கடதாசியப் பாத்துப் பயந்திட்டானுகள் அக்கா."

"கடதாசியில என்ன இரிக்கி? பேருகளா?" ஆச்சிப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் கண்களில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும், இல்லை என்பதை றொவீனா தரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பேரில்ல அக்கா. அது மெசினுகளுக்குச் செய்யிற வேல."

"ஓ. நான் பேர்க் கடதாசியெண்டு நினைச்சிட்டன். வவுனியாவில முகாமுக்கு வந்தாக்களின்ட பேரெல்லாம் எழுதி ஒட்டியிருக்காம்." பையைத் தடவிக்கொண்டாள். "என்ட மகள் தனுஷா. பதினேழு வயசில இயக்கத்துக்குக் கொண்டுபோன. மாசியில முடிஞ்சுபோச்செண்டு ஒருத்தன் வந்து சொன்னான். நீ கண்டயாடா எண்டு கேட்டன். இல்ல, இன்னொருத்தன் சொன்னவனெண்டான். பழுகாமத்துக்குப் போய் மத்தவனப் புடிச்சன். அவனும் காணல்ல, கேள்விப்பட்டதாம். அப்ப ஆர் கண்டது? ஒருத்தரும் காணல்ல. காணாத சாவ நான் எப்படிகா எடுக்கிற?"

அழுகையே இல்லை. வயல் வட்டைக்குள் வரம்பு வெட்டிச் சாய்த்தவன் யாரென்று விசாரிக்கிற குரலில் அதைச் சொன்னாள். வன்னிக்குள் அந்த மணித்தியாலத்திலும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு நாளில் இந்தத் தகரத்தின் கீழே ஒரு தாய் சாட்சி கேட்டுக்கொண்டு இருக்கிறாள்.

அதிகாரி வரப் பதினொன்றரை ஆனது. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அடையாள அட்டையைப் பார்த்தார்.

"பறங்கியரா?" சிங்களத்தில் கேட்டார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழி வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"ஓம் சேர்."

"வேலை?"

றொவீனாவுக்குக் கொழும்பில் எட்டு வருடம் இருந்து பழகிய சிங்களம் கைகொடுத்தது. முதலில் அங்கே ஒரு கம்பனியின் கணினி நிலையத்தில் விபரம் பதியும் காந்த நாடாச் சுருள் மாட்டுகிற வேலைக்குத்தான் அவள் போனாள். அலுமாரி அளவு பெரிய கணினிகள். வீட்டில் வைக்கிற பெட்டிகள் அல்ல. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் அதில் வேலை செய்யலாம். சேர்ந்த இரண்டாவது மாதத்தில் ஒரு பரீட்சைக்காக இரண்டு கணினிகளில் ஒன்றை வேண்டுமென்றே மின்சாரத்தை வெட்டிச் சாகடித்தார்கள். மற்றது கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு இரண்டுக்கும் பொதுவான வட்டு ஒன்றுக்குள் இருந்த ஒரு சின்னக் கோப்பைத் திறந்து வாசித்தது. செத்தது என்னென்ன நாடாவைப் பிடித்திருந்தது, எதை எழுதப் பாதியில் விட்டது என்று எல்லாம் அதில் இருந்தன. நாற்பது வினாடிக்குள், செத்தவன் கையை ஒவ்வொரு விரலாக மெல்ல விரித்து உள்ளே இருப்பதை எடுப்பதுபோல, எல்லாவற்றையும் அது எடுத்துக்கொண்டது. அங்கே நின்ற மற்றவர்கள் எல்லாரும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். றொவீனாவால் அந்த இடத்தை விட்டு அசைய முடியவில்லை. அந்தக் கோப்புக்குப் பெயர் செக்பொயின்ற் என்றார்கள். அதன்பிறகு அவள் படித்ததெல்லாம் அதைப் பற்றித்தான்.

"ஒஸ்ரேலியாவில ஒரு ஆஸ்பத்திரி. அங்க நாலு கணினி. அதுகளுக்கு வேலை செய்யிறன். வீட்டில இருந்து, ரெலிபோன் வயர் வழியா."

"ஆஸ்பத்திரிக்கு எதற்குச் செக்பொயின்ற்?"

என்ன சொன்னால் இவருக்கு விளங்கும் என்று அவள் தடுமாறினாள். அப்போது மண்மூட்டை இடைவெளிக்குள்ளால் பாலம் தெரிந்தது. ஒடுங்கிய பழைய இரும்புப் பாலம். ஒரு பக்கத்து வாகனங்கள் போய் முடிந்தால்தான் மறுபக்கம் வரலாம். அன்றைக்குச் சிப்பாய்களின் வோக்கி-ரோக்கி வேலை செய்யவில்லை. அதனால் ஒரு பக்கத்தில் விடுகிற கடைசி வாகனத்தின் சாரதியிடம் சிவப்புப் பூசிய ஒரு கட்டையைக் கொடுத்து அனுப்பினார்கள். கட்டை போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பக்கத்துச் சிப்பாய் தன் வரிசையை விடுவான்.

"சேர், அங்க பாருங்க. இந்தப் பக்கத்தில நிக்கிறவனுக்கு அந்தப் பக்கத்தில நிக்கிறவனத் தெரியாது. ரெண்டு பேரும் பேசுறதுமில்ல. ஆனா ரெண்டு லொறி நடுவில முட்டுறதில்ல. ஏன்? அந்தக் கட்டை. கட்டை ஆரிட்ட இருக்கோ அவனுக்குத்தான் பாலம். அங்க நாடா எண்டு ஒரு சாமான் இருக்கு, நோயாளிகளின்ட விபரம் எழுதுறது. அதுதான் பாலம். நாலு கணினியும் நாலு பக்கத்தால வந்து நிக்குது. இந்தக் கோப்புத்தான் கட்டை."

அதிகாரி எழுந்து இடைவெளியருகே போய் நின்றார். ஓர் ஓட்டோ வந்து நிற்க, சிப்பாய் கையை நீட்டிக் கட்டையை வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டை வாவிக்குள் விழுந்துவிட்டால்?"

"அதுக்குத்தான் சேர், செக்பொயின்ற் இரண்டு."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பிய முகம் கொஞ்சம் முன்னால் இருந்த முகமாக இருக்கவில்லை. கணக்கு ஒன்று சரிவந்த பள்ளிக்கூடப் பெடியனின் முகமாக இருந்தது. ஒரு கணந்தான். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நான் நம்புகிறேன். ஆனால் இந்தத் தாள்களை மேலே அனுப்பாமல் விட என்னால் முடியாது. இன்றைக்கு முடியாது. நீங்கள் போகலாம். திங்கட்கிழமை வந்து கையெழுத்து வையுங்கள்."

"சேர், அது எனக்கு நாளைக்கு..."

"நீங்கள் போகலாம் என்றேன்."

சைக்கிளை எடுத்து, அடையாள அட்டையைப் பைக்குள் செருகினாள். அட்டையில் றொவீனா என்று இருந்த இடத்தில் திவாகரன் என்று ஒரு தமிழ்ப் பெயர் இருந்திருந்தால் இந்தக் கொட்டிலுக்குள் பாலத்துக் கதையையும் கட்டைக் கதையையும் யார் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். ஆச்சிப்பிள்ளை இன்னும் வாங்கில்தான் இருந்தாள். "பாத்துப் போ புள்ள" என்றாள்.

கல்லடியில், வாவிப் பக்கத்து ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. தகப்பன் றெஜி முற்றத்தில் ஒரு கதவுக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. காலமெல்லாம் தச்சு வேலை. நான்கரை வருடத்துக்கு முன்பு வரை டச்பாரில், கடலுக்கு இருநூறு மீற்றர் தள்ளி இருந்தார்கள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு அந்தக் கிழமை முழுவதும் அவர் இரவிரவாக, சாப்பாடு தண்ணி இல்லாமல் அயலவர்களுக்குச் சவப்பெட்டி அடித்தார். முப்பத்தொரு பெட்டி. மனைவிக்கு மட்டும் அடிக்கவில்லை. அடிக்கும்படி எதுவும் கிடைக்கவில்லை. அதன்பிறகு பேச்சு நன்றாகக் குறைந்துபோனது. அவரைத் தனியே விடக்கூடாது என்றுதான் றொவீனா கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்தாள். வந்து ஒன்றரை வருடம் சும்மா இருந்தாள். பிறகு மெல்பேர்ணில் இருக்கும் பெரியம்மாவின் மகன் டரல், தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக் கணினி நிலையத்தில் கதைத்து, இந்த வேலையை வீட்டுக்கே எடுத்துத் தந்தான்.

"என்ன மகள், பிந்திப்போச்சு?"

நடந்ததைச் சொன்னாள். நாளைக்குக் காலையில் நான்கு கணினியையும் நிறுத்தி, புதிய கோப்பு இரண்டு அமைத்து, திரும்பச் சேர்க்கவேண்டும் என்பதையும், எழுபது படிகளில் ஒன்றை மாற்றிச் செய்தாலும் குழம்பும் என்பதையும், கரண்ட் போனால் திரையை நம்ப ஏலாது என்றுதான் தாளில் அடித்தது என்பதையும் சொன்னாள். தாள் அடிக்கிற கடை இனித் திங்கட்கிழமைதான் திறக்கும். அவர் சீவுளியைக் கீழே வைத்தார். உள்ளே போய்க் கோயில் கலண்டரைக் கழற்றி, முடிந்துபோன நான்கு மாதங்களையும் கிழித்து, வெள்ளைப் பக்கம் மேலே வர மேசையில் வைத்தார். காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்து உளியால் கூராக்கினார்.

"எழுது. தலையில இரிக்கிறத ஒருத்தனும் பறிக்கேலா."

அவள் எழுதினாள். மத்தியானச் சாப்பாடு மூடியபடி கிடந்தது. கையால் எழுதும்போது ஒவ்வொரு படியும் நின்று, தன் முகத்தைக் காட்டிவிட்டுப் போனது. கோப்பு ஒன்று ஒரு கட்டடத்து வட்டில், கோப்பு இரண்டு மறு கட்டடத்து வட்டில். இரண்டையும் ஒரே வட்டில் வைத்தால் வைக்காததற்குச் சமம். கோப்புக்கு வட்டில் இவ்வளவு இடம் ஒதுக்கவேண்டும். வேறு எவருடைய வேலையும் அந்த வட்டைத் தொடக்கூடாது. இருபத்திரண்டாவது படி: நான்கும் நின்றுவிட்டதை டரல் உறுதிசெய்வான். இருபத்து மூன்று: பழைய கோப்பைத் துடைத்து, புதியதை வெறுமையாக்கித் திறக்கவும்.

பென்சில் இருபத்து மூன்றில் நின்றுவிட்டது. ஆச்சிப்பிள்ளையின் குரல் கேட்டது: அப்ப ஆர் கண்டது?

இரண்டாயிரத்து நான்கு, நத்தாருக்கு மறுநாள். காய்ச்சல் என்று அம்மா கிளாறிஸ் வீட்டில் படுத்துவிட, நத்தார் லீவுக்குக் கொழும்பில் இருந்து வந்திருந்த அவளும் தகப்பனும் நகரத்துக்குப் பூசைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வரும்போது பாலத்தில் சனம் எதிரே ஓடி வந்தது. அன்றைக்குப் பின்னேரம் தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், மேசை போட்டு இருந்தவரிடம் அம்மாவின் பெயரைச் சொன்னாள். அவர் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் அதே பள்ளிக்கூடச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. 'இங்கே தங்கியிருப்போர்.' பதினான்காவது பெயர்: கிளாறிஸ், பெண், 58, டச்பார். றெஜி அந்த மண்ணிலேயே முழங்காலில் விழுந்தார். பதினொரு நாள் வகுப்பறை வகுப்பறையாக, முகாம் முகாமாகத் தேடினார்கள். இங்கே இருந்து அங்கே மாற்றியிருப்பார்கள் என்றார்கள், அங்கே போனால் வேறோர் இடம் சொன்னார்கள். தேற்றாத்தீவு வரைக்கும் போனார்கள். பதினோராம் நாள் அந்தக் கொப்பியை அவளே கேட்டு வாங்கிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் வந்திருப்போர், மறுபக்கத்தில் தேடப்படுவோர். பட்டியலைப் பெயர்த்து எழுதியவர் அவசரத்தில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து எழுதிவிட்டார். கிளாறிஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில், தேடுபவர் என்ற இடத்தில், றொவீனா என்று இருந்தது. அம்மாவின் பெயரை அந்தச் சுவருக்கு ஏற்றி வைத்தது அவளுடைய வாய்தான்.

அந்த மனுசரை அவள் ஏசவில்லை. அவரும் அந்தக் கடலில் இரண்டு பேரைக் கொடுத்தவர்.

இருபத்து மூன்றை அழித்துவிட்டு எழுதினாள்: எவருடைய சொல்லையும் எடுக்கவேண்டாம். பழைய கோப்பைத் திறந்து, நான்கு கணினியும் கடைசியாக எழுதிய நேரத்தை வாசிக்கவும். இரண்டு நிமிடம் பொறுக்கவும். மறுபடி வாசிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை. மெல்பேர்ணில் பகல் ஒரு மணி. றெஜி பூசைக்குப் போயிருந்தார். ரெலிபோனின் ஒலிபெருக்கியில் டரலின் குரல் வந்தது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு பதினான்கு வயதில் போனவன். அவனுடைய தமிழ் அந்த வயதோடேயே நின்றுவிட்டது.

"றொவீ, தொடங்கிட்டம். ஒண்டொண்டா நிப்பாட்டுறாங்க."

கலண்டர் தாள்களைக் கல் வைத்து அமர்த்திக்கொண்டாள். தூரத்தில் எங்கோ ஒரு வானொலி பெரிய சத்தத்தில் சிங்களத்தில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நேற்று இரவே கதை வந்திருந்தது. எது முடிந்தது, எப்படி முடிந்தது என்று ஒழுங்கையில் ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை.

எட்டு ஐம்பதுக்கு டரல் சொன்னான். "நாலும் படுத்திட்டுது. நீ துடைக்கலாம்."

"ஆர் பாத்தது?"

"என்ன?"

"நாலும் நிண்டத ஆர் கண்ணால பாத்தது?"

"இஞ்ச லிஸ்டில நாலுக்கும் சரி போட்டிரிக்காங்க. நான் கையில வெச்சிரிக்கன். சுணக்காத, றொவீ. எங்களுக்கு மூண்டு மணித்தியாலந்தான் தந்திரிக்காங்க."

"ரெண்டு நிமிசம் தா."

பழைய கோப்பைத் திறந்தாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் நான்கு வரிகள். முதலாவது, மெல்பேர்ண் நேரம் ஒரு மணி நான்கு நிமிடத்தோடு நின்றிருந்தது. இரண்டாவது ஒரு மணி ஆறு. நான்காவது ஒரு மணி பதினொன்று. மூன்றாவது வரியில் ஒரு மணி இருபத்தொரு நிமிடம் பதினான்கு வினாடி. திரையின் மூலையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். அதுவும் அதே நிமிடந்தான். மறுபடி வாசிக்கச் சொன்னாள். பதினெட்டு வினாடி. மறுபடி. இருபது.

ஐயாயிரம் மைலோ என்னவோ, அவ்வளவு தூரத்தில், எல்லாரும் படுத்துவிட்டது என்று சரி போட்ட ஒன்று, இரண்டு வினாடிக்கு ஒரு தடவை எழும்பி வந்து, கோப்பைத் திறந்து, நான் இருக்கிறேன் என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அது ஒருவரையும் கூப்பிடவில்லை. சத்தமே போடவில்லை. தன்பாட்டில் வந்து, நேரத்தை எழுதி, போனது. இருபத்திரண்டு. இருபத்து நான்கு. றொவீனாவின் வாய் திறந்தபடி இருந்தது. பூசையில் அப்பம் உயர்த்தும்போது வரும் அமைதி அந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்றதுபோல இருந்தது. ஏதும் பேசினால் அந்த எண் நின்றுபோய்விடுமோ என்று ஒரு பைத்தியக்காரப் பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

"றொவீ? இரிக்கயா?"

"டரல், மூண்டாவது உயிரோட இரிக்கி."

"இல்ல. இஞ்ச சரி..."

"சரி கிடக்கட்டும். நீ எழும்பிப் போய்ப் பார். ஆளனுப்பாத. நீ போ."

மறு கட்டடத்துக்கு நடந்து போக அவனுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் அவள் ஒரு கையை மட்டுந்தான் விசைப்பலகையில் வைத்திருந்தாள். மற்றதை மடியில் வைத்துக்கொண்டு அந்த மூன்றாவது வரியையே பார்த்திருந்தாள். வரியை வாசிக்கச் சொல்லும் ஒரு விரலைத் தவிர அவளில் எதுவும் அசையவில்லை.

டரல் திரும்பி வந்து ரெலிபோனை எடுத்தபோது மூச்சு வாங்கினான். "ஜேசுவே," என்றான். "ரெண்டு பெட்டிக்கும் பேர் கிட்டத்தட்ட ஒண்டு. பரீட்சைக்கு வெச்சிருந்த பெட்டிய நிப்பாட்டிப்போட்டு, இதுக்குச் சரி போட்டிரிக்கான். இது ஓடிக்கொண்டுதான் இரிக்கி. பிள்ளைகளின்ட வார்ட்டு விபரம் ரெண்டு நாடாவில எழுதிக்கொண்டிரிக்கி, பாதியில. நீ துடைச்சிருந்தா..."

துடைத்திருந்தால், மற்றவை எழும்பிப் புதிய கோப்பைப் பார்த்திருக்கும். அதில் மூன்றாவது எதையும் பிடித்திருப்பதாக இராது. அதே நாடாக்களைத் தங்களுடையது என்று எடுத்து, அந்தப் பிள்ளைகளுக்கு மேலாலேயே வேறு எதையாவது எழுதியிருக்கும். ஒரு கணினியும் பிழை என்று கத்தியிருக்காது. இது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அவன் வசனத்தை முடிக்கவில்லை. அவளும் முடிக்கவில்லை.

"எழுதி முடிக்கட்டும். நான் பாத்திட்டு இரிக்கன்," என்றாள்.

முடிய நாற்பது நிமிடம் எடுத்தது. இந்தத் தடவை நிறுத்தும்போது டரல் பக்கத்திலேயே நின்றான். மூன்றாவது வரி இரண்டு மணி பதினேழு நிமிடத்தோடு நின்றது. இரண்டு நிமிடம் பொறுத்தாள். அசையவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்தாள். பிறகுதான் மற்றக் கையையும் விசைப்பலகையில் வைத்தாள். துடைத்தாள். ஒரு கட்டடத்தில் கோப்பு ஒன்று, மறு கட்டடத்தில் கோப்பு இரண்டு, வெறுமையாகத் திறந்தாள். முதலாவது கணினி எழும்பியது. வெறுங் கோப்பைப் பார்த்து, தன் பெயரை எழுதியது. இரண்டாவது எழும்பி, முதலாவதின் பெயரை வாசித்து, அதன் கீழே தன் பெயரை எழுதியது. மூன்றாவது வந்தது. நான்காவதும் வந்தது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனாலும் நான்காவது பெயர் விழும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

பின்னால் நிழல் விழுந்தது. றெஜி பூசையால் வந்து, வெள்ளைச் சேட்டுடன், எவ்வளவு நேரமாகவோ வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். இந்த மூன்று வருடத்தில் அவர் அந்தத் திரையைக் கிட்ட வந்து பார்த்ததில்லை. இப்போது ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் இருந்தார். நான்கு வரிகளிலும் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன.

"இதுகள் ஒண்டையொண்டு காணுமா மகள்?"

"இல்ல பப்பா. ஒண்டு வந்து எழுதிப்போட்டுப் போகும். மறுகா மத்தது வந்து வாசிக்கும். ஓ, அவன் இரிக்கான் எண்டு தெரிஞ்சுகொள்ளும்."

"எழுதாமப் போனா?"

"மத்ததுகள் பாத்திட்டு நிக்கும்."

அவர் அதை யோசித்தார். தச்சனின் தடித்த விரல் ஒன்று திரைக்குக் கிட்டப் போய், தொடாமல், ஒரு வரிக்கு நேரே நின்றது.

"எவ்வளவு நேரத்துக்கு?"

றொவீனா கலண்டர் தாளைப் பார்த்தாள். எழுபது படிகளில் அறுபத்தெட்டு முடிந்திருந்தன. அறுபத்தொன்பதாவது அதுதான். ஒன்று எழுதாமல் விட்டால், மற்றவை எவ்வளவு பொறுத்து, இனி அது இல்லை என்று முடிவெடுத்து, அதன் கையில் இருப்பவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கான எண். கொழும்பில் எப்போதும் நூற்றிருபது வினாடி என்று யோசிக்காமல் தட்டுவாள்.

"அத நான்தான் எழுதிக் குடுக்கணும் பப்பா."

திரையில் அந்த எண்ணுக்கான இடம் வெறுமையாக மின்னிக்கொண்டிருந்தது. "எவ்வளவு போடப்போறாய், றொவீ?" என்று டரல் ரெலிபோனில் கேட்டான்.

அப்போதுதான் பாலத்தடியில் சிப்பாய்கள் வெற்றி வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். ஒரு சரம், அதன்மேல் இன்னொரு சரம். கல்லடித் தென்னைகளில் இருந்த காகங்கள் முழுவதும் ஒரே தடவையில் எழும்பின. யன்னலுக்கு வெளியே வானம் கறுத்தது. அவை வாவிக்கு மேலால் ஒரு பெரிய வட்டம் போட்டு வந்தன. மரங்களுக்கு மேலே வந்ததும் இறங்கப் பார்த்து, இறங்காமல், மறுபடி வட்டம் போட்டன.